நிறம் போனால் நீர் சுத்தமாகிவிடுமா?

துணி எடுக்கப் போனால் கடைக்காரரிடம் தவறாமல் கேட்கிறோம்: சாயம் போகுமா? வெயிலில் காய்ந்தாலும், சோப்பில் ஊறினாலும், வியர்வை பட்டாலும் நிறம் அப்படியே நிற்க வேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு. வில்லியம் பெர்க்கின் 1856இல் முதல் செயற்கைச் சாயத்தை உண்டாக்கியதிலிருந்து இன்றுவரை சாய வேதியியல் அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றவே பாடுபட்டு வந்திருக்கிறது. அதில் வெற்றியும் பெற்றுவிட்டது. ஆனால் துணியில் பிடிக்காமல் தண்ணீரோடு போய்விடும் சாயத்துக்கும் அதே உறுதி உண்டு. வெயில் அதை அசைப்பதில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கும் அதைத் தின்னத் தெரியாது.

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களில் 10 சதவீதம் முதல், சில வகைகளில் 40 சதவீதம் வரை நூலில் ஏறாமல் தொட்டியிலேயே தங்கிவிடும். பின்னலாடை நகரமான திருப்பூரில் பல்லாண்டுகள் இப்படித் தங்கிய சாயம் எங்கே போனது என்பதை நொய்யல் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் அந்த ஆற்றின் குறுக்கே, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியது.

கழிவுநீரைச் சுத்திகரிக்க நம்மிடம் உள்ள முறைகளில் பெரும்பாலானவை அழுக்கை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைப்பவை. படிகாரமோ சுண்ணாம்போ போட்டால் சாயம் கசடாகப் படியும்; அந்தக் கசடை எங்கே கொட்டுவது? கரித்தூள் சாயத்தை உறிஞ்சும். நிரம்பிய கரியை என்ன செய்வது? ஆர்.ஓ. சவ்வு நல்ல நீரைப் பிரித்துத் தரும். மறுபக்கத்தில் இன்னும் அடர்த்தியான கழிவு நிற்கும். இந்தச் சங்கிலியை அறுக்க வேண்டுமானால் அந்த மூலக்கூறையே உடைத்து, கரியமில வாயுவாகவும் நீராகவும் எளிய உப்புகளாகவும் ஆக்க வேண்டும். அதை வெயிலைக் கொண்டே செய்யலாம் என்று சொல்லும் துறைதான் ஒளிவினையூக்கம். எனக்கு இந்தத் துறையின் மேல் பெரிய மதிப்பு உண்டு. அதனாலேயே அதைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளைப் படிக்கும்போது கவலையும் வருகிறது.

இது தொடங்கிய இடம் தோக்கியோ. 1967இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெனிச்சி ஹோண்டாவிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த அகிரா ஃபுஜிஷிமா, டைட்டானியம் டை ஆக்சைடு படிகம் ஒன்றை நீரில் மூழ்கவைத்து, மறுமுனையில் பிளாட்டினத்தை இணைத்து, படிகத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சினார். படிகத்திலிருந்து குமிழ்கள் கிளம்பின. ஒளி மட்டும் பட்டே தண்ணீர் பிரிந்துகொண்டிருந்தது. 1972இல் இருவரும் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டார்கள். மறு ஆண்டே எண்ணெய் நெருக்கடி வர, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எரிபொருள் எடுக்கும் ஆசையில் உலகமே அந்தக் கட்டுரையைப் புரட்டியது. மாசை உடைக்கவும் இது உதவும் என்பது சற்றுப் பின்னால்தான் தெரிந்தது. 1976இல் கனடாவில் ஜான் கேரியும் உடன் பணியாற்றியவர்களும், எளிதில் அழியாத பி.சி.பி. சேர்மங்களிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடுப் பொடி ஒளியில் குளோரினைப் பிரித்தெடுப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு டெக்சாஸில் ஸ்டீவன் ஃபிராங்கும் ஆலன் பார்டும் நீரில் கலந்த சயனைடை இதே முறையில் சிதைத்தார்கள்.

டைட்டானியம் டை ஆக்சைடு புதுமையான பொருளே அல்ல. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டில் வெண்மை தருவது அதுதான். அது ஒரு குறைக்கடத்தி. அதன் எலெக்ட்ரான்கள் கீழ்மட்டத்தில் கட்டுண்டு கிடக்கின்றன. அவை மேல்மட்டத்துக்குத் தாவினால்தான் நகர முடியும். இரண்டு மட்டங்களுக்கும் இடையே 3.2 எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளி இருக்கிறது. ஒரு ஒளித்துகளின் ஆற்றல் அதற்குக் குறைவாக இருந்தால், அத்தகைய துகள்கள் எத்தனை கோடி வந்து விழுந்தாலும் பயனில்லை. மூன்றடி வாய்க்காலை இரண்டடி மட்டுமே தாண்டத் தெரிந்தவர் நாள் முழுக்கக் குதித்தாலும் கடக்க முடியாதல்லவா, அது போல. இந்த இடைவெளியைத் தாண்டவைப்பது 388 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம் கொண்ட ஒளி, அதாவது புறஊதா.

தாவிய எலெக்ட்ரான் விட்டுச்சென்ற வெற்றிடத்தைத் ‘துளை’ என்கிறார்கள். துளைக்கு எலெக்ட்ரான் பசி அதிகம். பொடியின் மேற்பரப்பை ஒட்டியிருக்கும் நீரிடமிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பறிக்கும். அப்போது ஹைட்ராக்சில் தனி உறுப்பு பிறக்கிறது. வேதியியலில் இதைவிட வலுவாக எலெக்ட்ரானைப் பறிப்பவை ஃபுளோரின் போன்ற மிகச் சிலவே. நாம் குடிநீரில் கலக்கும் குளோரினும், அதைவிடக் கடுமையான ஓசோனும் இதற்குப் பின்னால்தான் நிற்கின்றன. எதிரே வரும் கரிம மூலக்கூறு சாயமா, பூச்சிமருந்தா, மாத்திரையின் மிச்சமா என்று அது பார்ப்பதில்லை. ஹைட்ரஜனைப் பிடுங்கும், வளையத்தை உடைக்கும். மேல்மட்டத்துக்குப் போன எலெக்ட்ரான் சும்மா இருப்பதில்லை, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தன் பங்குக்கு வேலை செய்கிறது. அதனால்தான் இந்தக் கலன்களில் காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

இதில் நானோ எதற்கு? எலெக்ட்ரானும் துளையும் பிறந்த மாத்திரத்திலேயே மறுபடி ஒன்றுசேர்ந்துவிடப் பார்க்கும். பெரும்பாலானவை நானோ நொடிகளில் சேர்ந்து, வந்த ஆற்றலை வெப்பமாக வீணாக்கிவிடுகின்றன. படிகம் பெரிதாக இருந்தால் அவை மேற்பரப்பை எட்டும் முன்பே கதை முடிந்துவிடும். துகள் 20 நானோமீட்டர் அளவுக்குச் சிறியதாக இருந்தால், உள்ளே எங்கே பிறந்தாலும் 10 நானோமீட்டர் நடந்தால் வெளியே வந்துவிடலாம். மேற்பரப்பும் பெருகுகிறது. ஆய்வகங்களில் உரைகல்லாகப் பயன்படும் ‘பி25’ என்ற டைட்டானியப் பொடியின் ஒரு கிராமில் சுமார் 50 சதுர மீட்டர் மேற்பரப்பு அடங்கியிருக்கிறது. வேலை நடப்பது மேற்பரப்பில்தான் என்பதால் இது பெரிய வரம்.

சிக்கல் சூரியனிடம் இருக்கிறது. தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் புறஊதாவின் பங்கு 5 சதவீதம் தேறினாலே அதிகம். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பங்கு பாதிக்குச் சற்றே குறைவு; அதை இந்த வெள்ளைப் பொடி தொடுவதேயில்லை, அதனால்தானே அது வெள்ளையாக இருக்கிறது. கடந்த கால் நூற்றாண்டு ஆராய்ச்சியின் பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் வேலைக்கு இழுப்பதிலேயே செலவாகியிருக்கிறது. 2001இல் ஜப்பானில் ரியோஜி அசாஹியின் குழு டைட்டானியம் டை ஆக்சைடுக்குள் நைட்ரஜனைப் புகுத்தி அதை வெளிர்மஞ்சளாக்கியது. நீல ஒளியை அது ஏற்கத் தொடங்கியது. 2009இல் சீன விஞ்ஞானி சின்சென் வாங்கும் அவருடன் பணியாற்றியவர்களும், உலோகமே கலக்காத கார்பன் நைட்ரைடு என்ற மஞ்சள் பொடி கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்வதைக் காட்டினார்கள். அதன் இடைவெளி 2.7 எலெக்ட்ரான் வோல்ட். அதைச் செய்வது அதிசயப்படும்படி எளிது. வயலுக்குப் போடும் யூரியாவை மூடிய பாத்திரத்தில் 550 பாகை செல்சியஸ் வரை சூடாக்கியே எடுத்துவிடலாம். பிஸ்மத் வனடேட்டும் உண்டு. காட்மியம் சல்ஃபைடு ஒளியை நன்றாக ஏற்கும். ஆனால் ஒளி பட்டுத் தானே கரைந்து, நீரில் காட்மியத்தைக் கலந்துவிடும். நஞ்சை நீக்க நஞ்சைப் போடும் அந்த வழியைப் பேசாமலே விட்டுவிடலாம்.

இப்போது நாம் செய்திகளில் பார்க்கும் படத்துக்கு வருவோம். ஒரு கண்ணாடிக் குடுவையில் நீல நீர். பக்கத்தில் அதே நீர் தெளிவாக. ‘90 நிமிடங்களில் 98 சதவீதம் மாசு நீக்கம்’ என்று கீழே எழுதியிருக்கும். அந்த நீலம் பெரும்பாலும் மெத்திலீன் நீலம். விலை மலிவு, எங்கும் கிடைக்கும், நிறம் குறைவதைச் சாதாரணக் கருவியால் அளந்துவிடலாம். ஆய்வுப் பட்டத்துக்குப் படிக்கும் மாணவருக்கு இது வசதி. ஆனால் அந்தப் படத்தை நம்பித் தொழிற்சாலை கட்டிவிட முடியாது.

சாயத்தில் நிறத்தைத் தருவது மூலக்கூறின் ஒரு பகுதி மட்டுமே. அசோ சாயங்களில் இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான ஒரு பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும். மீதி மூலக்கூறு நிறமற்ற துண்டுகளாக அதே நீரில் மிதக்கும். அவற்றில் சில, மூலச் சாயத்தைவிடக் கெடுதல் செய்யக்கூடியவை. மாசு உண்மையில் போனதா என்று அறிய வேண்டுமானால் நீரிலுள்ள மொத்தக் கரிம அளவை அளக்க வேண்டும். நிறம் முழுக்கப் போன பிறகும் கரிமத்தில் பெரும்பகுதி அப்படியே கிடப்பது ஆய்வுகளில் சாதாரணமாகக் காணப்படும் முடிவு. தலைப்புச் செய்தியில் அந்த இரண்டாவது எண் வருவதில்லை.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. மெத்திலீன் நீலம் தானே ஒளியை விழுங்குகிறது. விழுங்கிய வேகத்தில் ஒரு எலெக்ட்ரானைப் பொடிக்குள் தள்ளிவிட்டுத் தானாகச் சிதைகிறது. பார்ப்பவருக்குப் பொடி கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்வது போலத் தோன்றும். அதே பொடியை நிறமில்லாத ஒரு மருந்து கலந்த நீரில் போட்டால் ஒன்றும் நடக்காமல் போகலாம். ஜப்பானின் பூன்ஷோ ஓதானியும் சக ஆய்வாளர்களும் 2006இலேயே, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் செய்யும் சோதனைக்கு இந்தச் சாயம் பொருத்தமானதுதானா என்று கேள்வி எழுப்பிக் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும் நீலக் குடுவைகள் குறையவில்லை.

ஒரு கைக்கணக்கு போட்டுப் பார்ப்போம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் புறஊதா ஏறக்குறைய 50 வாட். ஒரு மணி நேரத்தில் அந்தப் பரப்பில் சுமார் அரை மோல் ஒளித்துகள்கள் விழும். எலெக்ட்ரானும் துளையும் சேர்ந்து வீணாவதைக் கழித்து, நூற்றில் ஒரு துகள் பயன்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெத்திலீன் நீல மூலக்கூறை முழுமையாகக் கரியமில வாயு வரை கொண்டுபோக நூறு எலெக்ட்ரான்களுக்குச் சற்று மேல் பறிக்க வேண்டும். எல்லாவற்றையும் பெருக்கி வகுத்தால், ஒரு சதுர மீட்டர் வெயில் ஒரு மணி நேரத்தில் அழிக்கும் சாயம் சுமார் 17 மில்லிகிராம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் சாயமுள்ள கழிவுநீர் என்றால், மணிக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர்! நூற்றில் ஒன்றுக்குப் பதில் ஐந்து துகள்கள் பயன்பட்டாலும் இரண்டு லிட்டரைத் தாண்டாது. நாளொன்றுக்குப் பல லட்சம் லிட்டர் கழிவுநீர் வரும் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு எத்தனை ஏக்கர் வெயில் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இது பொறியாளரின் திறமைக் குறைவு அல்ல. சூரியன் தரும் ஒளித்துகள்களின் எண்ணிக்கைதான் அவ்வளவு.

திருப்பூரின் நீர் இன்னும் கடினமானது. ரியாக்டிவ் சாயம் நூலில் ஏற உப்பு வேண்டும்; அடர்நிறங்களுக்கு லிட்டருக்கு 60 கிராமுக்கும் மேல் போடுவார்கள். பிறகு சாயம் இறுகப் பிடிக்கச் சோடா உப்பு. சோடா உப்பிலிருந்து வரும் கார்பனேட், ஹைட்ராக்சில் தனி உறுப்பைச் சாயத்துக்கு முன்பாகத் தானே பிடித்து விழுங்கிவிடும். அந்த நீர் காரத்தன்மை மிகுந்தது; அதில் டைட்டானியப் பொடியின் மேற்பரப்பு எதிர்மின் ஏற்றம் கொள்கிறது. ரியாக்டிவ் சாயங்களுக்கும் எதிர்மின் ஏற்றம்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். மெத்திலீன் நீலமோ நேர்மின் ஏற்றம் உடையது, பொடியை நோக்கித் தானே இழுபட்டு வரும். ஆய்வகத்தில் சோதித்துப் பார்ப்பதும் பட்டறையிலிருந்து வருவதும் இயல்பிலேயே எதிரெதிர். போதாக்குறைக்கு, அடர்ந்த சாயநீருக்குள் ஒளி சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நொய்யல் கரையின் விவசாயி பல்லாண்டுகள் முறையிட்டது நிறத்தைப் பற்றி மட்டும் அல்ல. கிணற்று நீர் உப்பாகிப் பயிர் கருகியதைப் பற்றி. சோடியமும் குளோரைடும் சல்ஃபேட்டும் ஏற்கெனவே முழுமையாக உடைந்த எளிய அயனிகள். ஒளிவினையூக்கி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு ஆர்.ஓ.வும், எஞ்சிய நீரைக் கொதிக்கவைத்து உப்பெடுக்கும் ஆவியாக்கிகளும்தான் வேண்டும். சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற விதியின் கீழ் திருப்பூர் இன்று செலவு மிகுந்த அந்த வழியில்தான் நடக்கிறது. அங்கே ஒளிவினையூக்கிக்கு இடமுண்டு என்றால், உயிரியல் சுத்திகரிப்பு முடிந்து தெளிந்த நீரில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசிக் கரிமத்தைக் குறைத்து, சவ்வுகள் அடைபடாமல் காக்கும் உதவியாளர் இடம். அது மதிப்புள்ள இடம்தான். ஆனால் ‘நொய்யலைக் காக்கும் நானோ பொடி’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஏமாற்றத்தோடு பேசவில்லை. மேலே போட்ட கணக்கையே திருப்பிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு 17 மில்லிகிராம் என்பது சாயக்கழிவுக்குச் சொற்பம். லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவில் கலந்திருக்கும் பொருளுக்கு அது மிகப் பெரிய அளவு. செறிவு குறையக் குறைய வேகமும் குறையும் என்பதால் நேர் விகிதத்தில் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் இந்தப் பொடியின் உண்மையான களம் அங்கேதான் இருக்கிறது. அழுக்கு சிறிது, பிடிவாதம் பெரிது, அவசரம் இல்லை என்ற இடம். ஒளிவினையூக்கம் சந்தையில் வென்றதும் இப்படிப்பட்ட வேலையில்தான். 2001இல் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தானாகச் சுத்தமாகும் ஜன்னல் கண்ணாடியின் மேல், கண்ணுக்குத் தெரியாத டைட்டானியம் டை ஆக்சைடு படலம் இருக்கிறது. அதில் படியும் எண்ணெய்ப் பிசுக்கை நாள் முழுக்க வெயில் அரித்துக்கொண்டிருக்கும், மழை வந்து கழுவிப் போகும்.

தண்ணீரில் அப்படிப்பட்ட அழுக்கு எது? நாம் விழுங்கும் மாத்திரைகளில் உடம்பு பயன்படுத்தாமல் வெளியேற்றும் பகுதி. வலி மருந்துகள், ஹார்மோன்கள், நுண்ணுயிர்க்கொல்லிகள். சாதாரணக் கழிவுநீர் நிலையங்கள் இவற்றை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. பல மருந்துகள் அவற்றைக் கடந்து ஆற்றுக்குப் போய்விடுகின்றன. 2007இல் ஸ்வீடனைச் சேர்ந்த யோகிம் லார்சனும் உடன் ஆய்வு செய்தவர்களும் ஹைதராபாத்தை ஒட்டிய பட்டஞ்செருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றும் நிலையத்தின் நீரை ஆராய்ந்தார்கள். அதில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். இப்படிப்பட்ட நீரில் வாழும் பாக்டீரியாக்கள் மருந்துக்கு அடங்காதவையாகத் தேறிவிடும். அந்த ஆபத்து பட்டஞ்செருவோடு நிற்காது. சிப்ரோஃப்ளாக்சசின் மூலக்கூறை ஒளியும் டைட்டானியப் பொடியும் சேர்ந்து உடைக்கும் என்பது ஆய்வுகளில் பலமுறை காட்டப்பட்டிருக்கிறது. இங்கும் கரியமில வாயு வரை போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பாக்டீரியாவைக் கொல்லும் மையப் பகுதி சிதைந்தால் பாதி அபாயம் அங்கேயே நீங்கும். எஞ்சிய துண்டுகளைச் சாதாரண உயிரியல் தொட்டியிடம் ஒப்படைக்கலாம்.

இந்த ஒப்படைக்கும் யோசனைதான் இத்துறை கற்றுக்கொண்ட மிக நல்ல பாடம் என்பது என் கருத்து. தெற்கு ஸ்பெயினின் அல்மேரியா மாகாணத்தில், தபெர்னாஸ் பாலைநிலத்தை ஒட்டி, பெரிய சூரிய ஆற்றல் ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. அந்த மாகாணத்தின் கரையோரம் முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறிப் பண்ணைகள்; அங்கே குவியும் பூச்சிமருந்துப் புட்டிகளைக் கழுவினால் வரும் நீர் பாக்டீரியாவுக்கே நஞ்சு. வளைந்த கண்ணாடித் தகடுகளின் நடுவே ஓடும் குழாய்களில் அந்த நீரைச் செலுத்தி, வெயிலில் மூலக்கூறுகளை அரைகுறையாக உடைக்கிறார்கள். நஞ்சு இறங்கிய பிறகு மீதியைப் பாக்டீரியா பார்த்துக்கொள்ளும். விலையுயர்ந்த ஒளித்துகள்களைக் கடினமான முதல் வெட்டுக்கு மட்டும் செலவழிக்கும் சிக்கனம் இது. அங்கே பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்து, பல கழிவுகளுக்கு டைட்டானியப் பொடியைவிட, கரைந்த இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் சேர்ந்த ஃபென்டன் முறையே வேகமானது என்று கண்டிருக்கிறார்கள். ஹென்றி ஃபென்டன் 1894இல் கண்ட பழைய வினை! புதிய பொருள்தான் வெல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பொடியைத் திரும்ப எடுப்பதும் தீராத வேலையாக இருக்கிறது. 20 நானோமீட்டர் துகள் தானாக அடியில் படியாது, சாதாரண வடிகட்டியில் நிற்காது. நீரோடு ஆற்றுக்குப் போகவிடவும் கூடாது. டைட்டானியம் டை ஆக்சைடை உணவில் சேர்ப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை விதித்த பிறகு, ‘தீங்கற்ற வெள்ளைப் பொடி’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியவில்லை. கண்ணாடி மணிகளிலும் ஓடுகளிலும் பூசிப் பார்க்கிறார்கள். காந்த இரும்பு ஆக்சைடை உள்ளே வைத்துக் காந்தத்தால் இழுக்கிறார்கள். பூசினால் மேற்பரப்பு குறைகிறது, வேகமும் குறைகிறது. எந்த அளவு இழப்பை ஏற்பது என்பதை ஒவ்வொரு நீருக்கும் தனித்தனியாகத்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

வெயில் நம்மிடம் குறைவில்லை. டைட்டானியம் தரும் இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கடல் மணலிலேயே இருக்கிறது. அதை அள்ளுவது பற்றிக் கரையோர மக்கள் எழுப்பும் கேள்விகளும் அந்தப் பொடியின் விலையில் சேர வேண்டியவை. அண்ணா பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இந்தத் துறையில் இருபதாண்டு அனுபவமும் இருக்கிறது. ஆகவே தமிழ்நாட்டில் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவரின் கையில் மெத்திலீன் நீலத்தைக் கொடுப்பதற்கு முன்பு, பக்கத்து ஊரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்தோ, ஒரு பெரிய மருத்துவமனையின் கழிவு வாய்க்காலிலிருந்தோ ஒரு கேன் நீர் கொண்டுவரச் சொல்லுங்கள். அதன் உப்போடும் காரத்தோடும் கலங்கலோடும் அதை அப்படியே மொட்டைமாடி வெயிலில் வைத்துச் சோதிக்கட்டும். நிறம் எவ்வளவு போனது என்பதோடு, கரிமம் எவ்வளவு மிஞ்சியது, பொடியில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்பதையும் எழுதட்டும். பொடி தோற்றுப்போயிருந்தால் அந்த முடிவையும் தயங்காமல் வெளியிடுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தை நடத்துகிறவருக்கு அதுவும் தேவைப்படுகிறது.